குழாய், படிகாரம், குளோரின்: குடிநீரைத் தொடும் பொருட்களை யார் பார்க்கிறார்கள்?

நிலாவெளியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சகோதரி ஒருவரின் கேள்வி இது: "குழாய்த் தண்ணீரைச் சோதிக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் தண்ணீருக்குள் போடுகிற படிகாரம், குளோரின், அது ஓடி வருகிற பைப், நாங்கள் கூரையில் வைக்கிற டாங்கி, இதையெல்லாம் அரசாங்கத்தில் யாராவது பார்க்கிறார்களா? தண்ணீர் சோதனையில் சரி என்று வந்தால் அது போதாதா?"

கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். போதாது. ஏன் போதாது என்பது விளங்கினால் மற்றக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் திருகோணமலைக்கு வருகிற வழியைப் பாருங்கள். குளத்து நீர் கலங்கலாகவும் பாசியோடும் இருக்கும். இப்படியான நீரைச் சுத்திகரிக்கும்போது முதலில் படிகாரமோ பொலி அலுமினியம் குளோரைட்டோ போடுவார்கள். அழுக்கு திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்த நீரை மணலில் வடிப்பார்கள். படிகாரம் நீரின் காரத்தன்மையைக் குறைத்துவிடும் என்பதால் தேவைக்கேற்பச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். பிறகு குளோரின். அதற்குப் பிறகுதான் நீண்ட குழாய்வழி, உயர்ந்த தாங்கி, வால்வுகள், பொருத்துகளில் றப்பர் வளையங்கள், மீற்றர், அதைத் தாண்டினால் உங்கள் வீட்டுப் பிவிசி, அதை ஒட்டிய பசை, கடைசியில் திறந்து மூடும் பித்தளைப் பைப். இவ்வளவு பொருட்களையும் தொட்டுவிட்டுத்தான் தண்ணீர் உங்கள் செம்புக்குள் விழுகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சமாவது தன்னிலிருந்து எதையாவது தண்ணீருக்குக் கொடுக்கும்.

ஆய்வுகூடம் தான் தேடுகிறதை மட்டும்தான் கண்டுபிடிக்கும். இலங்கையில் குடிநீருக்கான தர நியமம் எஸ்.எல்.எஸ். 614. அதன் 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஈயம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது, அலுமினியம் 0.2 மில்லிகிராம், புளோரைட்டு 1 மில்லிகிராம் என்று எல்லைகள் இருக்கின்றன. நல்ல நியமம்தான். ஆனால் அன்றாடம் பார்ப்பது கலங்கல், பி.எச்., மீதிக் குளோரின், கிருமி ஆகியவைதான். உலோகங்களை எப்போதாவது ஒருமுறை பார்ப்பார்கள். பல சேதனச் சேர்மங்களைப் பார்க்கும் கருவியே எல்லா ஆய்வுகூடங்களிலும் இருக்காது. மாதிரி எடுக்கும் முறையிலும் ஒரு விடயம் உண்டு. கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுக்கிறவர் பைப்பைத் திறந்து சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுத்தான் போத்தலைப் பிடிப்பார். கிருமிக்கு அது சரியான முறை. ஈயத்துக்கோ, இரவு முழுவதும் ஈயம் கலந்த பித்தளைக்குள் நின்று உலோகத்தைக் கரைத்த முதல் தண்ணீர் அந்தச் சில நிமிடத்தில் ஓடிப் போய்விடுகிறது. அறிக்கையில் ஈயம் இல்லை என்று வரும். விடியற்காலையில் எழும்பித் தேத்தண்ணிக்கு முதல் தண்ணீரைப் பிடிக்கிற வீட்டில் அது இருக்கும்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அக்ரிலமைட். அழுக்கை விரைவாகத் திரட்டுவதற்குச் சில சுத்திகரிப்பு நிலையங்கள் பொலிஅக்ரிலமைட் என்ற பொருளைச் சிறு அளவில் சேர்க்கும். பொலிமர் தீங்கு குறைந்தது. ஆனால் அதைத் தயாரிக்கும்போது முழுதாக இணையாமல் மிஞ்சுகிற அக்ரிலமைட் நரம்பைத் தாக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 0.5 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவைத் தண்ணீரில் அளப்பது கடினம். வழமையான வடிப்பும் அதை அகற்றாது. அப்படியானால் என்ன வழி? மூட்டையிலேயே கட்டுப்படுத்துவதுதான். பொலிமரில் மிஞ்சிய அக்ரிலமைட் 0.05 வீதத்தைத் தாண்டக் கூடாது, லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது என்று விதித்தால், மிஞ்சியது முழுவதும் தண்ணீரில் கலந்தாலும் சரியாக 0.5 மைக்ரோகிராமில் நிற்கும். அமெரிக்காவின் குடிநீர் விதியில் இந்த இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன. பிவிசியின் மூலப்பொருளாக இருந்து அதில் இணையாமல் மிஞ்சும் வைனைல் குளோரைட்டுக்கும் இதே வழிதான். பொருளின் தரத்தைக் கட்டுப்படுத்துவதே இவ்வகை மாசுகளுக்குப் பொருத்தமான வழி என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

படிகாரத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கலங்கல் கூடிய மாரி காலத்தில் லீற்றருக்கு 40 மில்லிகிராம் படிகாரம் போடுகிறார்கள் என்று வையுங்கள். அந்தப் படிகாரத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயம் அசுத்தமாகக் கலந்திருந்தால் தண்ணீரில் லீற்றருக்கு 0.4 மைக்ரோகிராம் சேரும். எல்லை 10 என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. அதே படிகாரம் மலிவான மூலப்பொருளில் செய்யப்பட்டுக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருந்தால் 4 மைக்ரோகிராம். எல்லையில் ஐந்தில் இரண்டு பங்கை ஒரு மூட்டையே தின்றுவிட்டது. ஈயத்தில் பெரும்பகுதி அழுக்கோடு படிந்து போகலாம். ஆனால் அதை நம்பிக்கொண்டு ஒரு ஊருக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. பிறகு குழாயும் பித்தளையும் தங்கள் பங்கைச் சேர்க்கும். அதனால்தான் அமெரிக்காவில் சுத்திகரிப்பு இரசாயனங்களுக்கான என்.எஸ்.எப். 60 என்ற நியமம், ஒரு தனிப் பொருளால் வரும் மாசு பொதுவாக எல்லையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறது. ஈய எல்லை 10 என்றால் ஒரு பொருளின் பங்கு 1 மைக்ரோகிராம். 40 மில்லிகிராம் போடப்படும் படிகாரத்தில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் ஈயம் வரைதான் ஏற்கலாம் என்று அந்தக் கணக்கே சொல்லிவிடும். இந்த எண்ணை விலைமனு ஆவணத்தில் எழுதி வைத்தால் மூட்டை களஞ்சியத்துக்குள் வர முன்னமே முடிவு எடுக்கலாம்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் மத்திய சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமே ஒரு காலத்தில் இப்பொருட்களைப் பார்த்து ஆலோசனை சொல்லி வந்தது. 1980களில் அந்த வேலையை நியமம் எழுதும் தனியார் அமைப்புகளிடம் விட்டது. இரசாயனங்களுக்கு 60, குழாய் முதலிய பாகங்களுக்கு 61 என்று 1988 இல் இரண்டு நியமங்கள் வந்தன. இன்று பெரும்பாலான மாநிலங்கள் அவற்றைத் தங்கள் விதியில் கட்டாயமாக்கியிருக்கின்றன. பித்தளைச் சாமான்களில் தண்ணீர் படும் பகுதியின் சராசரி ஈயம் 0.25 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிரித்தானியாவில் நீர்த்தர ஒழுங்குவிதிகளில் 31 ஆம் விதி என்று ஒன்று உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பொருளைத் தவிர வேறெதையும் நீர் வழங்குவோர் தண்ணீரில் சேர்க்கவோ தண்ணீர் படும்படி வைக்கவோ முடியாது. உலோகமல்லாத பொருட்களுக்கு அங்கே செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பொருளை நீரில் ஊறவைத்து மணம், சுவை, நிறம் பார்க்கிறார்கள். உயிரணுக்களுக்கு நஞ்சாகிறதா, உலோகம் கரைகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பொருளின் மேல் நுண்ணுயிர் கூடுதலாக வளர்கிறதா என்றும் பார்க்கிறார்கள். சில றப்பர் வகைகள் கிருமிக்கு உணவாகவே மாறிவிடும் என்பதால் அந்தக் கடைசிச் சோதனை தேவைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2020 இல் புதுப்பித்த குடிநீர்ப் பணிப்பில், தண்ணீரோடு படும் பொருட்களுக்கு எல்லா நாடுகளுக்கும் பொதுவான அனுமதிப் பட்டியலைக் கொண்டுவருகிறது. பக்கத்தில் இந்தியா, பிவிசி குழாய்களில் ஈயம் சேர்ந்த நிலைப்படுத்திகளை (பிளாஸ்டிக் சிதையாமல் இருக்கச் சேர்ப்பவை) படிப்படியாக ஒழிப்பதற்கு 2021 இல் தனி விதிகளை அறிவித்தது.

இனி எங்கள் கதை.

இலங்கையில் இந்த வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நாங்கள் வோட்டர் போர்ட் என்று சொல்வது, 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. குழாயும் இரசாயனமும் வாங்கும்போது எந்த நியமப்படி இருக்க வேண்டும் என்று விலைமனு ஆவணத்தில் எழுதுவது சபை. வாங்குவதும் பயன்படுத்துவதும் அதே சபை. நியமத்தை எழுதுவதும் எஸ்.எல்.எஸ். முத்திரை கொடுப்பதும் இலங்கை கட்டளைகள் நிறுவனம். குடிநீருக்கான பிவிசி குழாய்க்கு எஸ்.எல்.எஸ். 147 என்ற நியமம் உண்டு. ஒரு பொருளுக்குத் தர நியமத்தைக் கட்டாயமாக்கிப் பணிப்புரை விடுப்பதும் கடைகளைச் சோதிப்பதும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் வேலை. போத்தல் தண்ணீர் உணவுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சில் பதிய வேண்டும். உங்கள் ஊரில் மீதிக் குளோரினைப் பார்ப்பவர், கிணற்று மாதிரி எடுப்பவர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கிராமங்களில் மக்கள் அமைப்புகள் நடத்தும் சிறு திட்டங்களுக்குத் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் துணை நிற்கிறது.

பெயர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பிரித்தானியாவின் 31 ஆம் விதி போல, "இந்தப் பட்டியலில் இல்லாத பொருள் பொதுக் குடிநீரைத் தொடக் கூடாது" என்று ஒரே இடத்தில் நின்று சொல்லும் சட்டம் எங்களிடம் இல்லை. நீர் வழங்குபவரைத் தவிர்ந்த தனியான ஒழுங்குபடுத்துநரும் இல்லை. வர வேண்டியிருந்தது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை உருவாக்கிய 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் மின்சாரத்தோடு நீர் வழங்கலையும் அதன் பொறுப்பில் எழுதி வைத்தது. அந்தப் பொறுப்புக்கு உயிர் கொடுக்க வேண்டிய நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் 2003 இல் வந்தது. மாகாண சபைகளைக் கலந்தாலோசிக்காமல் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தண்ணீரைத் தனியாருக்கு விற்கப் போகிறார்கள் என்ற அச்சம் அப்போது மக்களிடம் பலமாக இருந்தது, அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் விலையை யார் தீர்மானிப்பது என்ற சண்டையில், மூட்டையையும் குழாயையும் யார் பரிசோதிப்பது என்ற கேள்வியும் சேர்ந்து அமிழ்ந்து போனது. தனியார்மயத்தை முழுமூச்சாக எதிர்ப்பவரும் சுயாதீனமான தரக் கண்காணிப்பைக் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு.

பெரிய சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அங்கே இரசாயனவியலாளர் இருக்கிறார், ஆய்வுகூடம் இருக்கிறது, வரும் மூட்டையோடு சான்றிதழ் வருகிறது. ஆனாலும் பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதை இறக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் கமல்போர்ட் சாட்சி. 1988 ஜூலையில் அங்கே 20 தொன் படிகாரக் கரைசலைக் கொண்டுவந்த சாரதி தவறான தாங்கிக்குள் ஊற்றிவிட்டார். அது நேராக ஏறத்தாழ 20,000 பேரின் குடிநீருக்குள் போனது. என்ன நடந்தது என்று மக்களுக்குச் சொல்லவே இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்தார்கள். படிகாரத்தில் எந்தக் குறையும் இல்லை. இறக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை.

என் கவலையெல்லாம் சிறிய இடங்களைப் பற்றியது. திருகோணமலை மாவட்டத்தில் குழாய் எட்டாத ஊர்களில் மக்கள் சங்கங்கள் கிணற்றில் இருந்து தாங்கிக்கு ஏற்றித் தண்ணீர் கொடுக்கின்றன. அங்கே குளோரின் என்றால் பிளீச்சிங் பவுடர். புதிதாக வரும்போது நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு செயல்படு குளோரின், அதாவது கிருமியைக் கொல்லும் குளோரின், இருக்கும். எங்கள் வெக்கையிலும் கடற்காற்றின் ஈரத்திலும் திறந்த பையில் வைத்தால் அது மாதக் கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். 10,000 லீற்றர்த் தாங்கிக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் வேண்டுமென்றால் நல்ல பவுடரில் 30 கிராம் போதும். அதே 30 கிராம் பாதிக்கும் கீழே வலு இறங்கிய பவுடராக இருந்தால் 0.4 மில்லிகிராம்தான் கிடைக்கும். தாங்கியில் உள்ள பாசியும் இரும்பும் அதையும் குடித்துவிடும். வழக்கம் போல 30 கிராம் போட்டதாகப் பதிவேட்டில் இருக்கும், தண்ணீரில் பாதுகாப்பு இருக்காது. பவுடர் வாங்கிய திகதி, வந்த தொகுதி எண், கடைசியாக வலு பார்த்த நாள் மூன்றையும் பையில் எழுதி ஒட்டுவது செலவில்லாத வேலை. மூடியை இறுக்கி, நிழலில், தரையில் படாமல் வைக்க வேண்டும். தாங்கியைப் பார்க்கிற தம்பிமாருக்கு இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் செய்வார்கள். நான் சொல்லிக் கொடுத்த இடங்களில் மனதாரச் செய்தார்கள்.

பதவி சிறீபுரப் பக்கம் சிறுநீரக நோய்க்கு அஞ்சி அமைத்த ஆர்.ஓ. நிலையங்கள், அதாவது நுண்ணிய மென்படலத்தால் உப்பை வடித்தெடுக்கும் நிலையங்கள், இன்னொரு வகை. தண்ணீர் சுத்தமாகத்தான் வருகிறது. ஆனால் மென்படலத்தில் உப்புப் படியாமல் இருக்கச் சேர்க்கும் திரவம், வடிகட்டி உருளைகள், நிரப்பும் கான் எல்லாமே தண்ணீரைத் தொடும் பொருட்கள். அவற்றைக் குடிநீருக்கென்று சான்று பெற்றவையாக வாங்குகிறார்களா என்று கேட்பவர் குறைவு. உப்பெல்லாம் நீங்கிய தண்ணீர் உலோகத்தைக் கூடுதலாக அரிக்கும். அதைப் பித்தளைப் பைப்பும் இரும்புத் தாங்கியும் வழியாக விடுவது வடித்தெடுத்த நன்மையைக் கெடுக்கிற வேலை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மீற்றர் வரை சபையின் பொறுப்பு, அதற்குப் பிறகு நீங்கள் வாங்குவதுதான் உங்கள் தண்ணீரைத் தொடுகிறது. ஹாட்வெயார் கடையில் பிவிசி எடுக்கும்போது குழாயின் மேல் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். தயாரித்தவர் பெயர், எஸ்.எல்.எஸ். 147, அளவு, அமுக்க வகை இருக்க வேண்டும். மழைத்தண்ணீர்க் குழாயும் வயர் போடும் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம், அவற்றைக் குடிநீருக்குப் போடக் கூடாது. மிச்சம் கிடந்த துண்டை இடையில் செருக மேசனை விடாதீர்கள். எழுத்தே இல்லாத குழாயை மலிவென்று காட்டினால் தள்ளி வையுங்கள், பழைய வகை பிவிசியில் நிலைப்படுத்தியாக ஈயச் சேர்மம் சேர்ப்பது வழக்கம். புதுக் குழாயின் ஆரம்ப நாட்களில்தான் அது கூடுதலாகக் கரையும். பொருத்துகளை ஒட்டிய பசை முழுதாகக் காய விட்டு, பிறகு மணம் போகும் வரை தண்ணீரை ஓடவிடுங்கள், அதைத் தென்னைக்கு ஊற்றலாம். வெயில் நேரே படும் இடத்தில் பிவிசியை வெறுமனே விடாதீர்கள், நிலாவெளி வெயிலில் சில வருடத்தில் வெடிப்பு வரும். டாங்கி வெளிச்சம் புகாததாக இருந்தால் பாசி பிடிக்காது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். எரிந்த பிளாஸ்டிக் மணம் வந்தால் அதை வாங்க வேண்டாம். குடிக்கிறதற்கும் குழந்தைக்குப் பால்மா கரைக்கிறதற்கும் காலையில் முதல் தண்ணீரைப் பிடிக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

கல்நார் (அஸ்பெஸ்டஸ்) குழாயைப் பற்றியும் சிலர் பயத்தோடு கேட்பார்கள். நாட்டின் பழைய நகரங்களில் சீமெந்தோடு கல்நார் சேர்த்த குழாய்கள் போடப்பட்டன. அதன் வழியாக வரும் தண்ணீரைக் குடிப்பதால் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதற்கு எல்லை எதுவும் வைக்கவில்லை. அந்தக் குழாயை வாளால் அறுக்கிற தொழிலாளிக்கு மூச்சில் போகும் தூசிதான் ஆபத்து. நனைத்து அறுக்க வேண்டும், முகக் கவசம் போட வேண்டும். உங்கள் ஒழுங்கையில் யாராவது அப்படிப் பழைய குழாயை வெட்டினால் இதைச் சொல்லுங்கள்.

கடையில் குறியில்லாத குழாயைக் குடிநீர்க் குழாய் என்று விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். குழாய்த் தண்ணீரில் நிறமோ மணமோ மாறினால் வோட்டர் போர்டின் 1939 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். இரண்டையும் விட எனக்கு நம்பிக்கை தருவது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். உங்கள் ஊருக்குத் தண்ணீர் தரும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். "எங்கள் தண்ணீர் பாதுகாப்பானதா" என்று கேட்காதீர்கள், அதற்கு "ஆம்" என்று ஒரு வரியில் பதில் வரும். கடந்த 12 மாதத்தில் பயன்படுத்திய படிகாரம், சுண்ணாம்பு, குளோரின் ஒவ்வொன்றும் எந்த நியமப்படி வாங்கப்பட்டது, வந்த ஒவ்வொரு தொகுதிக்கும் உள்ள பகுப்பாய்வுச் சான்றிதழின் பிரதி, அந்தச் சான்றிதழைக் கொடுத்தவர் விற்பனையாளரா சுயாதீன ஆய்வுகூடமா, தரமில்லை என்று திருப்பியனுப்பிய தொகுதி ஏதும் உண்டா என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் பிரதேச செயலகக் கூட்டத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். சான்றிதழில் ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் எண் எழுதப்படாமல் வெறுமனே "தரமானது" என்று மட்டும் இருந்தால், அடுத்த கடிதத்தில் அந்த எண்களைக் கேளுங்கள்.